காலைப் பிடித்தவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். மணி என் பக்கம் இல்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கொல்லாமல், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இறைச்சி அறமா, வெறும் வியாபாரமா என்பது தலைப்பு. அறமே என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார். "தாய் தகப்பன் இல்லாத கறியை விருந்தில் வைத்தால் சம்பந்தி எழுந்து போய்விடுவார்." அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்க தோஷம்.

அதற்குப் பதில் இருக்கிறது. முதலில் ஒரு விருந்துக் கதை.

2013 ஆகஸ்ட், லண்டன். மாட்டின் செல்லிலிருந்து வளர்த்த முதல் பர்கர். செய்தவர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட். பணம் கொடுத்தவர் கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்ஜி பிரின். செலவு 2,50,000 யூரோ. ஒரு கடைக்கு இல்லை ஐயா, ஒரே ஒரு பர்கருக்கு!

சமையல்காரர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எதிரே கேமராக்கள். நம் வீட்டில் கருகினால் சமைத்தவரே ஓரமாகச் சாப்பிட்டுவிடலாம். அங்கே கருகினால் வீட்டை விற்றாலும் ஈடுகட்ட முடியாது. சுமார் 20,000 தசை இழைகளைச் சேர்த்துப் பிடித்த உருண்டை அது. நிறம் வரவில்லை என்று பீட்ரூட் சாறும் குங்குமப்பூவும் சேர்த்திருந்தார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹன்னி ருட்ஸ்லர் என்ற அம்மையார் ஒரு துண்டை வாயில் போடுகிறார். மெல்கிறார். உலகமே காத்திருக்கிறது. இன்னும் மெல்கிறார். பல்லிடுக்கில் ஒரு துணுக்கு மாட்டினால் அதுவே நம் மாதச் சம்பளம்! கடைசியில், இறைச்சி மாதிரிதான் இருக்கிறது, சாறுதான் போதவில்லை என்றார்.

இரண்டரை லட்சம் யூரோ கொடுத்தும் விருந்தாளி குறை சொல்லிவிட்டார் பார்த்தீர்களா? நம் சம்பந்தியே தேவலை! குறைக்குக் காரணமும் உண்டு. அதில் தசை மட்டும்தான், கொழுப்பு துளியும் இல்லை.

சரி, தாய்க்கு வருகிறேன். உயிருள்ள மாட்டின் தசையில் சின்னத் துணுக்கு ஒன்று எடுக்கிறார்கள். அதிலுள்ள செல்களைச் சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு கலந்த திரவத்தில், உடம்புச் சூட்டில் பெருக்குகிறார்கள். மாடு மேயப் போய்விடுகிறது. தலைவர் அவர்களே, நீங்கள் சொன்ன கறிக்குத் தாய் இருக்கிறாள். உயிரோடும் இருக்கிறாள். தாயில்லாத கறி உங்கள் தட்டில்தான் இருக்கிறது!

அந்தத் திரவத்தில் கன்றின் ரத்தம் இல்லையா என்றார் அடுத்து வந்த அம்மா. இருந்தது. வெட்டப்படும் சினைமாட்டின் வயிற்றுக்கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீர், சீரம் என்பார்கள். 2013 பர்கருக்கும் அதுதான். இதில் நான் சாமர்த்தியம் காட்டப்போவதில்லை. ஆனால் 2020-இல் இந்த வகைக் கோழிக்கறியை முதலில் அனுமதித்த சிங்கப்பூர், 2023-இல் சீரம் இல்லாமல் வளர்த்ததற்கும் அனுமதி கொடுத்துவிட்டது. அதே ஆண்டு இத்தாலி தடை போட்டதே என்றீர்கள். மரபைக் காக்கப் போட்டார்களாம். மாட்டிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் புள்ளிவிவரம் வைத்திருந்தேன். வேண்டாம், மடித்து வைத்துவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டு, "காலைப் பிடிச்சுக்கடா" என்றார். கோழியின் காலை. காலைப் பிடித்து முன்னேறியவர்களைப் பார்த்திருப்பீர்கள், நான் பிடித்த கால் வேறு. ஒரு கையில் கால், மறு கை நெஞ்சுக்கு அடியில். இறகுக்குள்ளே அவ்வளவு சூடு. விரல் நுனியில் அதன் இதயம் படபடவென்று அடித்தது. அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதன் அலகருகே வைத்தார். அது இரண்டு வாய் குடித்தது. குடித்துவிட்டு என்னைப் பார்த்தது. அப்புறம் என் விரலில் அந்தப் படபடப்பு மெல்ல மெல்ல நின்றது.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தலைவலி என்றார். அடுத்த ஞாயிறும் தலைவலி என்றார். நாங்கள் நம்பினோம்.

நான் சாப்பிட்டேன், நடுவர் அவர்களே. கேட்டு வாங்கி இரண்டாவது முறையும் சாப்பிட்டேன். இன்றைக்கும் சாப்பிடுகிறேன், அந்தப் பொய்யை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். என் பையனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனைக் கூப்பிட்டுக் காலைப் பிடித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.