இரு துறைகளின் நடுவே ஓர் இருக்கை

நேயர்களுக்கு வணக்கம். மனித மரபியலைப் புள்ளியியலின் வழியாகவும் கணினியின் வழியாகவும் ஆராய்கிறவர்களுக்குப் பல்கலைக்கழக ஆசிரியப் பணி எப்படி அமைகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களையும், பட்டம் பெற்றபின் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு அடுத்த படியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

பின்னாளில் புள்ளியியலின் பெரும் அறிஞராகப் பெயர்பெற்ற ரொனால்ட் ஃபிஷர் பள்ளிகளில் கணக்கும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், 1916இல், லண்டனிலுள்ள ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். உயரத்தைப் போலச் சிறிது சிறிதாக வேறுபடும் பண்புகளில் உறவினர்கள் ஒத்திருப்பதை மெண்டலின் விதிகளைக் கொண்டே விளக்கிவிடலாம், அதற்குப் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களித்தால் போதும் என்பது அதன் சாரம். கட்டுரையை மதிப்பிட்டவர்களுள் ஒருவர் புள்ளியியலாளரான கார்ல் பியர்சன். மற்றவர் மரபியலாளரான ரெஜினால்ட் பன்னெட். இருவருமே தமக்குப் பழக்கமில்லாத பகுதியைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாமல் தயங்கினார்கள். ஃபிஷர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1918இல் எடின்பரோவிலுள்ள ராயல் சொசைட்டியின் இதழில்தான் அது வெளிவந்தது. மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் விலக்க வர்க்கச் சராசரிக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'வேரியன்ஸ்' என்ற பெயரை அறிமுகப்படுத்தியதும் அந்தக் கட்டுரையே.

நூறாண்டுகள் கடந்த பின்னும், இந்தத் துறையில் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறவர் ஏறக்குறைய அதே இருவரின் முன்னால்தான் நிற்கிறார். தெரிவுக்குழுவில் ஒரு புறம் அமர்ந்திருப்பவர், "நீங்கள் சொல்வது புதிய முறையா, பழைய முறையைப் புதிய தரவில் பயன்படுத்தியதா?" என்று கேட்பார். மறுபுறம் அமர்ந்திருப்பவர், "முறை இருக்கட்டும், இதனால் எந்த நோயைப் பற்றி நமக்கு என்ன புதிதாகத் தெரிந்தது?" என்பார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பவர் உங்கள் துறைத் தலைவராக அமையப்போகிறார் என்பதைப் பொறுத்து உங்கள் அடுத்த ஆறேழு ஆண்டுகள் முற்றிலும் வேறுபடும். நான் இன்று சொல்ல வந்தது பெரும்பாலும் இதைப் பற்றியதே.

இப்படிப் புள்ளியியலும் கணினியும் கலந்த மரபியலுக்கென்று தனித் துறை பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கிடையாது. பணியிடம் புள்ளியியல் துறையில் இருக்கலாம்; பொதுச் சுகாதாரப் பள்ளியின் உயிரிப் புள்ளியியல் துறையில் இருக்கலாம்; கணினி அறிவியலில் இருக்கலாம்; மருத்துவக் கல்லூரியின் மரபியல் துறையில் இருக்கலாம். அறிவிப்புகளைப் படித்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பணியில் சேர்ந்த பிறகுதான், புள்ளியியல் துறையில் சேர்ந்தவர் ஒவ்வொரு பருவத்திலும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார் என்பதும், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் மிகக் குறைவாகவே பாடம் நடத்துகிறார், ஆனால் தம் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தாமே தேடிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியவரும்.

சம்பளத்தைத் தாமே தேடுவதா என்று வியப்பவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்காவில் கலை, அறிவியல் புலத்தைச் சேர்ந்த துறைகள் பொதுவாக ஆண்டுக்கு ஒன்பது மாதச் சம்பளத்தைத் தாமே தருகின்றன. கோடைக்காலச் சம்பளத்தை ஆய்வு நல்கையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மருத்துவக் கல்லூரிகளில் பன்னிரண்டு மாதங்களுக்கும் சம்பளம் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதில் கணிசமான பங்கை நல்கைகளின் வழியே ஈடுகட்ட வேண்டும் என்பதே பல இடங்களின் எதிர்பார்ப்பு. தேசியச் சுகாதார நிறுவனங்கள் வழங்கும் முதன்மையான நல்கை நான்கைந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். அடுத்தது கிடைக்க ஓராண்டு தாழ்ந்தால், உடனிருக்கும் மாணவர்களையும் ஆய்வாளர்களையும் எதைக் கொண்டு வைத்திருப்பது என்ற கேள்வி எழும். ஆகவே பணி ஆணை கைக்கு வருமுன், என் சம்பளத்தில் எத்தனை விழுக்காட்டுக்கு நிறுவனம் பொறுப்பேற்கிறது, எத்தனை ஆண்டுகளுக்கு, நல்கை இடையில் நின்றுபோனால் என்ன ஏற்பாடு என்பவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்ட பலரை நான் கண்டிருக்கிறேன். கேட்டதற்காகப் பணியை இழந்த ஒருவரையும் கண்டதில்லை.

அடுத்தது, எழுதியதை எண்ணும் முறை. ஃபிஷர் ஊகித்த அதே உயரத்தைப் பற்றி 2022இல் ஒரு மாபெரும் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழ 54 லட்சம் பேரின் தரவைத் தொகுத்து, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மரபு வேறுபாடுகளை அது அடையாளம் காட்டியது. இத்தகைய கட்டுரைகளில் ஆசிரியர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த வரிசையின் நடுவில் உங்கள் பெயர் இருந்தால், மரபியல் துறையினர் முதலில் கேட்பது நீங்கள் முதலில் நிற்கிறீர்களா, கடைசியில் நிற்கிறீர்களா என்பதைத்தான். புள்ளியியல் துறையினரோ, இருவர் மூவராகச் சேர்ந்து புள்ளியியல் இதழில் எழுதிய முறையியல் கட்டுரை எங்கே என்று தேடுவார்கள். ஒரே மனிதர், ஒரே உழைப்பு. தராசு மட்டும் வேறு. இரு துறைகளிலும் கூட்டு நியமனம் பெறுவது இதற்குத் தீர்வு என்று பலர் எண்ணுகிறார்கள். பணி நிரந்தரத்துக்கான மதிப்பீட்டை எந்தத் துறை நடத்தும் என்பது முதல் நாளிலேயே எழுதப்பட்டிருந்தால் அது நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் இரண்டு துறைகளின் கூட்டங்களுக்கும் போய் உட்கார வேண்டியதைத் தவிர வேறு மிச்சமில்லை.

மென்பொருளின் நிலை இன்னும் சிக்கலானது. 2007இல் வெளிவந்த, மரபுத் தரவை அலசும் பிளிங்க் (PLINK) என்னும் மென்பொருளைப் பயன்படுத்தாத மனித மரபியல் ஆய்வுக்கூடத்தைக் காண்பது அரிது. ஆனால் மென்பொருளை எழுதுவது ஒரு வேலை, அதைப் பத்தாண்டுகள் பழுதுபார்த்துப் பராமரிப்பது வேறொரு வேலை. இரண்டாவதைப் பதவி உயர்வுக் கோப்பில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்றே பலருக்குத் தெரிவதில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற கதைதான். இருந்தாலும் பயனர்களின் எண்ணிக்கை, மேற்கோள்கள், பிறர் அதன்மேல் கட்டியெழுப்பிய கருவிகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். கோப்பைப் படிப்பவர் தாமாகத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்.

எதைக் கற்றுக்கொண்டு இந்தப் பணிக்கு வருவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1955இல் நியூட்டன் மார்ட்டன், ஒரு நோயும் ஒரு மரபு அடையாளமும் குடும்பங்களில் இணைந்தே இறங்குகின்றனவா என்பதைச் சோதிக்க ஓர் அளவுகோலை வகுத்தார். அந்தப் பிணைப்பு ஆய்வின் வழியேதான் 1983இல் ஹண்டிங்டன் நோய்க்குரிய இடம் நான்காம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள், 1996இல், நீல் ரிஷ்சும் கேத்லீன் மெரிக்காங்கஸும் சிக்கலான நோய்களுக்கு அந்த வழி போதாது, பெருந்தொகையினரில் தொடர்பைத் தேடும் ஆய்வே வலிமையுடையது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 2007இல் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளைக் கூட்டமைப்பு ஏழு நோய்களுக்காக 14,000 நோயாளிகளையும் 3,000 பொதுவான ஒப்பீட்டு நபர்களையும் ஆராய்ந்தபோது காற்று முற்றிலும் திசை மாறிவிட்டது. பிணைப்பு ஆய்வை மட்டுமே கற்றுப் பணியில் சேர்ந்தவர்கள் நடுவயதில் மீண்டும் மாணவர்களானார்கள். ஆனால் 1987இல் லேண்டரும் கிரீனும் பிணைப்புக்காகக் கையாண்ட மறைநிலை மார்க்கோவ் மாதிரி, அதாவது கண்ணுக்குத் தெரியாத நிலைகளின் வரிசையைத் தெரியும் தரவிலிருந்து ஊகிக்கும் நிகழ்தகவு முறை, பின்னாளில் அளக்கப்படாத மரபு வேறுபாடுகளை ஊகித்து நிரப்பும் வேலையில் வேறு வடிவில் திரும்பி வந்தது. அதன் அடிப்படையைக் கற்றிருந்தவர்களுக்கு அது பழைய நண்பர். முப்பதாண்டு ஆசிரியப் பணிக்குள் ஆய்வுக் கருவிகள் இரண்டு மூன்று முறை மாறிவிடும். நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் மாறுவதில்லை. இன்று புழங்கும் மென்பொருளின் கட்டளைகளை மட்டும் அறிந்த விண்ணப்பதாரரைவிட, அதற்குள் நடக்கும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடியவரையே நான் பரிந்துரைப்பேன்.

பாடம் நடத்தும்போது தவிர்க்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் துறை பிறந்த வீட்டில், யார் பிள்ளை பெறலாம் என்பதைக் கட்டுப்படுத்தி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற இனமேம்பாட்டு வாதமும் குடியிருந்தது. 1933இல் ஃபிஷர் லண்டனில் ஏற்ற கால்ட்டன் பேராசிரியர் பதவியின் பெயரிலேயே இனமேம்பாடு என்ற சொல் இருந்தது. அங்கிருந்து வெளிவந்த இதழ் 1954இல்தான் மனித மரபியலின் பெயரை ஏற்றது. பேராசிரியர் பதவியின் பெயர் 1963இல் மாறியது. மாணவர்கள் இதைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இன்றைய தரவுகளிலும் ஒரு சாய்வு இருக்கிறது: 2019இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, மரபணுத்தொகை முழுவதையும் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களுள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களின் மரபுத் தரவைக் கொண்டு உருவாக்கிய நோய் அபாய மதிப்பெண் பிறரிடம் நன்றாகப் பொருந்துவதில்லை. இதைக் குறைபாடு என்று பாடத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். இதையே தம் ஆய்வின் மையமாக எடுத்துக்கொண்ட இளம் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். நேர்காணலில் அவர்களின் பேச்சு தனித்துத் தெரிகிறது.

நேர்காணலில் உயிரியலாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்குத் தரவு எங்கிருந்து வரும்?" ஐந்து லட்சம் பேரின் மரபுத் தரவையும் உடல்நலத் தரவையும் கொண்ட பிரிட்டனின் உயிரி வங்கியின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று விண்ணப்பதாரர் நினைக்கிறார். ஆனால் இத்தகைய தரவுகளுக்கான அனுமதி, பொறுப்பான ஆய்வாளரின் பெயருக்கும் அவர் பணிபுரியும் நிறுவனத்துக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது. இதுவரை நீங்கள் பயன்படுத்தியது உங்கள் வழிகாட்டியின் அனுமதி. புதிய நிறுவனத்தில் சேர்ந்ததும் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிட உரிமை பெற்றவர் யார் என்று தேட வேண்டும். பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட கணினி வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டின் பல மாதங்கள் இதிலேயே கழிந்துவிடுவதுண்டு. பணி நிரந்தரத்துக்கான கடிகாரமோ பணியேற்ற நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. எனவே புதிதாகச் சேர்பவருக்கு நிறுவனம் ஆய்வுக்காகத் தரும் தொடக்க நிதியைப் பற்றிப் பேசும்போதே கணினி நேரத்தையும் தரவுச் சேமிப்பையும் அதில் சேர்த்துக் கேளுங்கள். பணி ஆணையில் கையொப்பமிட்ட வாரத்திலேயே தரவுக்கான விண்ணப்பத்தை எழுத உட்காருங்கள்.