6922-ஆவது சிகரெட்

நடுவர் அவர்களே, வணக்கம். ஜப்பானிய எழுத்தாளர் ஹாருகி முரகாமியின் ஆரம்ப நாவல்களில் கதைசொல்லியின் அந்த ஒட்டாத குரல் பலமா, பலவீனமா? பலவீனம்தான் என்று எதிரணித் தோழர் அடித்துச் சொன்னார். பெயர்கூட இல்லாத ஒருவன் பீர் குடிக்கிறான், ரேடியோ கேட்கிறான், யார் செத்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லையாம். பீர் குடிக்கிறான், சரி. ஒன்றும் ஆவதில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1979-இல் வந்த முதல் நாவல் 'காற்றின் பாடலைக் கேள்'. அதில் கதைசொல்லியை ஒரு காலத்தில் எண்ணும் பழக்கம் பிடித்துக்கொள்கிறது. ரயிலில் ஏறினால் பயணிகளை எண்ணுகிறான், படிகளை எண்ணுகிறான், 1969 ஆகஸ்ட் 15 முதல் அடுத்த ஏப்ரல் 3 வரை 358 வகுப்புகளுக்குப் போனதாகவும் 6921 சிகரெட் பிடித்ததாகவும் கணக்குச் சொல்கிறான். இதெல்லாம் எதற்கு என்று படிக்கிறவருக்கு எரிச்சல்கூட வரும். அப்புறம் ஒரே ஒரு வரி: அவள் இறந்த செய்தி வந்தபோது 6922-ஆவது சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அவனோடு பழகிய பெண், தூக்குப் போட்டுக்கொண்டவள். அழுதேன் என்று அவன் சொல்லவில்லைதான். ஆனால் சாவுச் செய்தி வந்த நேரத்தில் அடுப்பில் என்ன கொதித்தது என்பதை இருபது வருஷம் கழித்தும் சொல்கிறவர்களை நமக்குத் தெரியாதா?

அமெரிக்க நாவல்களின் நகல் என்றும் ஒரு குற்றச்சாட்டு. அப்போது டோக்கியோவில் ஜாஸ் பார் நடத்திக்கொண்டிருந்த முரகாமி, நாவலின் தொடக்கத்தைத் தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் எழுதி, பிறகு அதை ஜப்பானிய மொழிக்கு மாற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். கையில் வார்த்தை குறைவு, அதனால் வாக்கியம் சின்னதாகிறது. அங்கே ஒப்பாரிக்கு இடமில்லை. இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் வந்த 'பின்பால், 1973'-இல் இறந்துபோனவள் கதைசொல்லி காதலித்த நவோகோ. எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் ஒரு நாய் எப்போதும் நடைமேடையில் உலாவும் என்று அவள் எப்போதோ சொன்னதற்காக, அந்த நாயைப் பார்க்கவென்றே அவன் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் ஆகாதவன் செய்கிற காரியமா இது?

முதல் நாவலுக்கே திரும்புகிறேன். எல்லாவற்றையும் எண்களாக மாற்றினால் மற்றவர்களிடம் எதையாவது சொல்லிவிடலாம் என்று நம்பினேன், என் சிகரெட் கணக்கில் யாருக்கும் அக்கறை இல்லை, தனியாகிப் போனேன் என்று கதைசொல்லியே அங்கே ஒப்புக்கொள்கிறான். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் முதலில் நாவலின் அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.