சூரியனைப் படத்தின் நடுவில் வைத்தவர்: கிளோட் லொரேன்

[திரையில்: ‘சேபா நாட்டு அரசி கப்பலேறும் துறைமுகம்’, 1648, முழு ஓவியம்]

வணக்கம். சாலமோன் மன்னரைக் காண எருசலேமுக்குப் புறப்படும் சேபா நாட்டு அரசி, இந்த ஓவியத்தின் வலப்புறத்தில் உள்ள படிக்கட்டில் இறங்கி வருகிறார். அவரைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்லக் கீழே ஒரு படகு காத்திருக்கிறது. ஓவியத்தின் பெயரே அரசியைப் பற்றியது என்றாலும், அவரை நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பார்த்தவுடன் நம் கண் போய் நிற்பது, தொடுவானத்துக்குச் சற்று மேலே எழுந்திருக்கும் காலைச் சூரியனிடமும், அங்கிருந்து அலைகளின் மேல் நம்மை நோக்கி நீண்டு வரும் ஒளித்தடத்திடமும்தான்.

இதை வரைந்தவர் கிளோட் ஜெலே. பிறந்த மண்ணின் பெயரால் உலகம் அவரைக் கிளோட் லொரேன் என்று அழைக்கிறது. அவருக்கு முன்பும் ஓவியத்தில் சூரியனைக் காட்டியவர்கள் உண்டு. 1610-இல் ரோமில் மறைந்த ஜெர்மானியரான ஆடம் எல்ஷைமரின் சிறிய நிலக்காட்சிகளை அதற்குச் சான்றாகச் சொல்லலாம். எனினும், ஒரு பெரிய ஓவியம் முழுவதற்கும் ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடையாகச் சூரியனையே நட்டநடுவில் வைத்து, அதை நாம் நேருக்கு நேர் பார்க்கும்படி செய்து, அதையே தன் வாழ்நாள் வேலையாகவும் ஆக்கிக்கொண்டவர் கிளோட்.

[திரையில்: வரைபடம், லொரேன் முதல் ரோம் வரை]

லொரேன் பகுதியிலுள்ள ஷமாஞ் என்ற சிற்றூர் அவருடைய பிறப்பிடம். அவர் பிறந்த ஆண்டு 1600 என்று கல்லறைக் கல்வெட்டு கூறினாலும், 1604 அல்லது 1605 என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கணிப்பு. அன்று லொரேன் பிரான்சின் பகுதியன்று, தனிச் சிற்றரசு. அது பிரான்சுடன் இணைந்தது 1766-இல்தான். ஆக, பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியத்தின் தலைமகனாகப் போற்றப்படும் இந்த மனிதர் பிறந்ததும் பிரான்சில் இல்லை, உழைத்ததும் பிரான்சில் இல்லை. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து இத்தாலிக்குப் போன அவர், இடையில் 1625-இல் ஊர் திரும்பி நான்சி நகரத்தில் சிறிது காலம் வேலை செய்ததைத் தவிர, வாழ்நாளின் பெரும்பகுதியை ரோமிலேயே கழித்தார்.

கிளோட் முதலில் கற்றது ஓவியத் தொழிலை அன்று, மாவுப் பண்டங்கள் சுடும் தொழிலை என்று அவருடைய நண்பரும் ஜெர்மானிய ஓவியருமான யோவாகிம் ஃபொன் சாண்ட்ரார்ட் எழுதியிருக்கிறார். ரோமில் அகோஸ்தினோ தாஸ்ஸி என்ற ஓவியரின் வீட்டில் சமையல், எடுபிடி வேலைகளைச் செய்துகொண்டே வண்ணம் அரைக்கவும் தூரிகை பிடிக்கவும் அவர் பழகினார். ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கி என்ற இளம் ஓவியரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதற்காக 1612-இல் தண்டிக்கப்பட்டவர்தான் இந்தத் தாஸ்ஸி. ஆளைப் பற்றிச் சொல்ல நல்லது ஒன்றும் இல்லை. ஆனால் சுவரில் பொய்யான தூண்களையும் மாடங்களையும் கடற்காட்சிகளையும் மெய்போல எழுப்புவதில் அவர் வல்லவர். கிளோடின் துறைமுகக் கட்டடங்களில் அந்தப் பயிற்சியின் தடம் தெரிகிறது.

[திரையில்: ரோமுக்கு வெளியே வரைந்த மரங்கள், பழுப்பு மைச் சித்திரங்கள்]

மற்றதையெல்லாம் அவர் கற்றது ரோமைச் சூழ்ந்த கம்பாஞ்ஞா சமவெளியிலும் தீவோலி அருவிகளின் பக்கத்திலும்தான். பொழுது புலருமுன்பே வயல்வெளிக்குப் போய்ப் படுத்துக்கிடந்து, கிழக்கு சிவப்பதையும் சூரியன் எழுவதையும், பிறகு மாலையில் அது சாய்வதையும் இரவாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார் என்று சாண்ட்ரார்ட் விவரிக்கிறார். பார்த்த நிறத்துக்கு ஏற்ப அங்கேயே வண்ணத்தைக் கலந்துகொண்டு, அது மனத்திலிருந்து அகலுமுன் வீட்டுக்கு ஓடிவந்து ஓவியத்துணியில் பூசுவாராம். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய கோட்டுச்சித்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பல, ஒரே மரத்தின் மேல் வெயில் விழும் விதத்தையோ, நீரோரப் பாறையின் நிழலையோ மட்டும் பழுப்பு மையில் கரைத்துக் காட்டுபவை.

இவ்வளவு கூர்ந்து பார்த்தவர், பார்த்த இடத்தை அப்படியே வரைந்தாரா என்றால், இல்லை. உஃபீசி அருங்காட்சியகத்தில் உள்ள 1637-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் மாளிகை கடற்கரையில் நிற்கிறது. அதன் வாசலில் கப்பல்கள் நங்கூரமிட்டிருக்கின்றன. உண்மையில் அந்த மாளிகை ரோம் நகரின் பிஞ்சோ குன்றின் மேல், கடலே கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கட்டடத்தையும் மரத்தையும் மலையையும் விரும்பிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ள அவர் தயங்கியதே இல்லை. ஆனால் ஒளியில் மட்டும் அவர் கை வைப்பதில்லை. வைகறை என்றால் வைகறைக்குரிய ஈரமான வெளிர்நிறம். பொழுது சாயும் எற்பாடு என்றால் அதற்குரிய பொன்மஞ்சள். இடம் கற்பனை, வேளை உண்மை என்பதே அவருடைய முறை.

[திரையில்: சேபா ஓவியத்தின் வானப் பகுதி, மிக அருகில்]

அதை எப்படிச் சாதித்தார் என்பதை மீண்டும் சேபா ஓவியத்திலேயே பார்க்கலாம். இடப்புறத்தில் இருண்ட தூண்கள் நம் அருகே உயர்ந்து நிற்கின்றன. அந்த இருட்டு இருப்பதால்தான் அதற்குப் பின்னால் உள்ள வெளி பல காதத் தொலைவாகத் தோன்றுகிறது. பிறகு கப்பல், கோபுரம், தொலைவில் இன்னொரு கப்பல் என்று ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி வெளிறி, விளிம்பு மங்கி, கடைசியில் பனிமூட்டத்தில் கரைகிறது. வானத்திலோ, நீலம் எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அந்த மாற்றத்தை இழைக்கத் தூரிகை போதாமல், ஈரவண்ணத்தின் மேல் விரல்நுனியாலும் உள்ளங்கையாலும் அவர் ஒற்றி ஒற்றி எடுத்திருக்கிறார். அந்தத் தடங்கள் இன்றும் பூச்சில் பதிந்திருக்கின்றன.

மனித உருவங்கள் அவருக்கு அவ்வளவு எளிதாக வரவில்லை. நிலக்காட்சியை விலைக்கு விற்கிறேன், உருவங்களை இலவசமாகக் கொடுக்கிறேன் என்று அவரே சொல்வது வழக்கம் என ஃபுளோரன்ஸ் நகரத்து வரலாற்றாளர் பால்தினுச்சி பதிவு செய்திருக்கிறார். வாங்கியவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. திருத்தந்தை எட்டாம் உர்பான் வாங்கினார். ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபிலிப், மாட்ரிட்டில் தாம் கட்டிய புதிய அரண்மனைக்காக 1630-களில் வரிசையாக ஓவியங்களை வரவழைத்தார். பல ஓவியங்களைக் கிளோட் இணை இணையாகவே தீட்டினார். ஒன்றில் காலை என்றால் மற்றதில் மாலை, ஒன்றில் துறைமுகம் என்றால் மற்றதில் மேய்ச்சல் நிலம்.

[திரையில்: ‘லிபேர் வெரிதாதிஸ்’ தொகுப்பின் பக்கங்கள், நீலத்தாளும் வெள்ளைத்தாளும்]

பெயர் பரவியதும் போலிகளும் கிளம்பின. கிளோட் அதற்குச் செய்த ஏற்பாடு, நான் அறிந்தவரை, அக்கால ஓவியர் எவரும் இவ்வளவு பொறுமையாகச் செய்யாதது. ஏறத்தாழ 1635 முதல், தன் கூடத்தை விட்டு வெளியேறும் ஓவியங்களை ஒரு புத்தகத்தில் சிறிய கோட்டுச்சித்திரங்களாகப் படியெடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் பின்புறத்தில் வாங்குபவரின் பெயரையும் பல இடங்களில் எழுதினார். நான்கு நீலத்தாள், நான்கு வெள்ளைத்தாள் என்று மாறி மாறி வரும் அந்தத் தொகுப்பில் சுமார் 195 சித்திரங்கள் உள்ளன. ‘லிபேர் வெரிதாதிஸ்’ (உண்மையின் நூல்) என்று பெயர் பெற்ற அது, 1957 முதல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கைவினைஞர் தன் வேலைக்குத் தானே வைத்துக்கொண்ட பதிவேடு என்பதால், இன்றும் ஓவியம் ஒன்று கிளோடுடையதா என்ற ஐயம் எழுந்தால் ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

வம்பு வீட்டுக்குள்ளிருந்தும் வந்தது. ஆதரவற்ற சிறுவனாக வந்து சேர்ந்து, ஏறத்தாழ 25 ஆண்டுகள் உடனிருந்த ஜியான் தொமேனிக்கோ என்ற உதவியாளர்தான் உண்மையில் ஓவியங்களைத் தீட்டுகிறார் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. அவர் விலகிப்போய், அத்தனை ஆண்டுக் கூலியையும் கேட்டார். வழக்கு வியாஜ்ஜியம் என்று அலையாமல் கிளோட் கேட்ட பணத்தை உடனே கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார் என்று பால்தினுச்சி எழுதுகிறார்.

கீல்வாதம் வாட்டிய முதுமையிலும் தூரிகை ஓயவில்லை. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் அஸ்கானியஸ் என்ற இளைஞன் எய்த அம்பு ஒரு வளர்ப்பு மானைத் தைக்க, அதிலிருந்து போர் மூளும் கட்டத்தை 1682-இல் அவர் வரைந்தார். இன்று ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அந்த ஓவியத்தில் மனிதர்கள் மெலிந்து நீண்டு, அம்பு விடுவதற்கு முந்தைய நொடியில் நிற்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 23 அன்று ரோமில் அவர் காலமானார்.

[திரையில்: லண்டன் தேசியக் கலைக்கூடம்]

அடுத்த நூற்றாண்டில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் ஆங்கிலேயர். ஸ்டவர்ஹெட் போன்ற பண்ணைத் தோட்டங்களில் ஏரியும் கோயில் மண்டபமுமாக அவருடைய ஓவியங்களையே நிலத்தில் அமைத்துப் பார்த்தார்கள். இயற்கையைக் கிளோடின் கண்ணால் காண்பதற்கென்றே சுற்றுலாப் பயணிகள் ஒரு கருநிறக் குவியாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, காட்சிக்கு முதுகைத் திருப்பி அதன் பிம்பத்தை ரசித்தார்கள். சற்றுச் சிரிப்பு வரும் பழக்கம்தான். 1790-களில் மதுரையையும் மாமல்லபுரத்தையும் வரைந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ், வில்லியம் டேனியல்களும் இந்த ரசனையில் வளர்ந்தவர்களே. ஜார்ஜ் போமாண்ட் என்ற செல்வந்தர், தாம் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட கிளோட் ஓவியம் ஒன்றைப் பிரிந்திருக்க முடியாமல், உயிருள்ளவரை தம்மிடம் இருக்கட்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

இவர்கள் எல்லாரையும்விடத் தீவிரமானவர் ஆங்கில ஓவியர் டர்னர். தம் ஓவியங்கள் இரண்டைக் கிளோடின் இரண்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் அவர் நாட்டுக்கு எழுதிவைத்தார். 1815-இல் தீட்டப்பட்ட ‘கார்த்தேஜ் நகரை எழுப்பும் டிடோ’வும் நாம் பார்த்த சேபா ஓவியமும் அவற்றில் அடக்கம். லண்டனுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் இரண்டு சூரியன்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. டர்னரின் சூரியன் கெட்டியான வண்ணத்தில் பொங்கி எழுந்து அதிகமாகக் கண்ணைக் கூசவைக்கிறது. ஆனால் தண்ணீரின் மேல் வெளிச்சம் நடந்து வருவதைக் காட்டுவதில், என் கணிப்பில், கிளோட்தான் முந்துகிறார்.