பேய்க்கு 36 டாலர், காக்கைக்கு இலவசம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு நேராகப் புலம்பலில் இறங்கிவிடுகிறேன். ஃபிலடெல்ஃபியாவில் நேற்று ராத்திரி ஒரு பேய் நடைக்குப் போனேன். லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பழைய தெருக்களைச் சுற்றிக்காட்டுவாரே, அதுதான். கட்டணம் 32 டாலர். அதற்கு மேல் வசதிக் கட்டணம் என்று 4 டாலர். யாருடைய வசதிக்கு? தளத்தைத் தேடியது நான், கார்டு எண்ணை அடித்தது நான், டிக்கெட்டை இறக்கிக்கொண்டதும் நான். அவர்கள்தான் எனக்குக் கொடுத்திருக்க வேண்டும்!

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காதருகில் வந்து திடீரென்று கத்துவது எனக்கு அறவே ஆகாது. அந்த மனிதர் வழிநெடுக அதைத்தான் செய்தார். ஒரு கதையையாவது உருப்படியாகச் சொல்லி முடித்திருக்கலாம். லாந்தரும் பேட்டரி லாந்தர். அடியில் பச்சைப் பொத்தான் மினுக்மினுக்கென்று எரிகிறது.

சரி, விடுங்கள். இன்று காலை பார்த்ததைக் கேளுங்கள். இதே ஊரில் பார்க்வே என்கிற சாலையில் இருக்கிற பெரிய பொது நூலகம், மூன்றாவது மாடி, அரிய நூல்கள் பிரிவு. அங்கே கண்ணாடிக்குள் கிரிப் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வளர்த்த அண்டங்காக்கை! 1841-ல் செத்துப்போனதும் மனிதர் அதைப் பாடம் செய்து வைத்துக்கொண்டார். என்ன தடிமனான அலகு! கண்ணாடியில் என் கேமரா வெளிச்சம் அடித்து அடித்து, ஒழுங்கான ஒரு ஷாட் கிடைக்கப் பட்டபாடு இருக்கிறதே... விளக்கை அணைத்து, பக்கவாட்டில் குனிந்து, துப்பட்டாவால் மறைத்து, கடைசியில் எடுத்தேவிட்டேன். தம்ப்நெயிலில் இருப்பது அதுதான், தயவுசெய்து பாராட்டுங்கள்.

அந்தக் காக்கையை டிக்கன்ஸ் ‘பார்னபி ரட்ஜ்’ நாவலில் பாத்திரமாக்கினார். அதற்கு விமர்சனம் எழுதிய அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, காக்கையை இன்னும் குறிசொல்கிற மாதிரி பயன்படுத்தியிருக்கலாம் என்று குறைப்பட்டார். 1845-ல், அண்டங்காக்கை பேசுகிற அவருடைய ‘தி ரேவன்’ கவிதை வந்தது. குறை சொன்ன கையோடு செய்தும் காட்டிய விமர்சகர் அவர்!

அங்கிருந்து, எட்கர் ஆலன் போ குடியிருந்த வீடு. ஸ்பிரிங் கார்டன் தெருப் பக்கம், அமெரிக்க அரசின் தேசியப் பூங்கா சேவை பராமரிக்கிறது, அனுமதி இலவசம். உள்ளே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் என்ன சாமான் இருந்தது என்று தெரியாததால் அறைகளை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. மெழுகுப் பொம்மை வைக்காத புண்ணியவான்கள்!

ஆனால் நிலவறைதான் நிலவறை. 1843-ல் வந்த போவின் ‘தி பிளாக் கேட்’ கதையில் ஒருவன் மனைவியின் பிணத்தை நிலவறைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு, போலீஸ்காரர்கள் முன்னாலேயே அந்தச் சுவரைத் தட்டிக்காட்டுவான். அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் படிகளில் இறங்கிப் பாருங்கள். எனக்கும் தட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. ரேஞ்சர் பின்னாலேயே நின்றதால் தட்டவில்லை.

ஐயோ, காக்கை பேச்சில் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். 1842-ல் டிக்கன்ஸ் இந்த ஊருக்கு வந்தபோது போ அவரை நேரில் சந்தித்தார். கிரிப் அப்போது உயிரோடு இல்லை. இன்று அது போவின் ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

அடுத்தது ரோசன்பாக் அருங்காட்சியகம். ‘டிராகுலா’வுக்காக பிராம் ஸ்டோக்கர் எழுதிய குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. கதையில் வருகிற ரத்தம் குடிக்கும் பிரபுவுக்கு முதலில் ‘வாம்பயர்’ என்றே பெயர் வைத்து, பிறகு அடித்துவிட்டு டிராகுலா என்று எழுதியிருக்கிறார். அந்த அடித்தல் திருத்தலைப் பார்க்க எவ்வளவு கேட்டாலும் கொடுப்பேன், வசதிக் கட்டணம் உட்பட.

போவை இதுவரை படிக்காதவர்கள் ‘தி டெல் டேல் ஹார்ட்’ கதையில் தொடங்குங்கள். சின்னக் கதை, பேயே கிடையாது. படித்துவிட்டுக் கீழே எழுதுங்கள், கதை சொல்கிறவனுக்குக் கேட்கிற அந்த இதயத் துடிப்பு நிஜமா, அவன் மனப்பிரமையா? நான் மனப்பிரமை கட்சி.