ஒரே கை இரண்டு எஞ்சினைத் தொடக்கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அண்மையில் மெல்பேர்னில் இருக்கும் மகளிடம் போக ஆயத்தமானார். ரிக்கெட் கைக்கு வந்த அன்று மதிலோரம் நின்று கேட்டார்: “தம்பி, பிளேனுக்கு இரண்டு எஞ்சின்தானாமே. நடுக்கடலில் ஒன்று நின்றால்?”

அவருடைய கணவர் தொழிலுக்குப் போனவர். ஒருமுறை எஞ்சின் நின்று, விடிய விடிய வள்ளத்தில் அலைந்து கரை சேர்ந்தவர். அதனால் அந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும். விமானப் பராமரிப்பில் வேலை செய்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்துசமுத்திரத்தை இரண்டு எஞ்சினோடு கடப்பது நம் தீவுக்குப் புதிதல்ல. 1943இலிருந்து 1945 வரை கொக்கலை ஏரிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் இடையில், நீரில் இறங்கும் கற்றலைனா விமானங்கள் ஓடின. இடையில் எங்கும் இறங்காத பயணம், 27 மணி நேரத்துக்கு மேல். போர்க்காலத்துத் துணிச்சல் அது.

பயணிகள் விமானத்தை அப்படி விடமுடியாது. ஒற்றை எஞ்சினில் 60 நிமிடத்துக்குள் போய் இறங்க ஓர் ஓடுபாதை இருக்கவேண்டும் என்று 1953இல் அமெரிக்காவில் விதி வந்தது. ஜெட் எஞ்சின்களில் நம்பிக்கை வளர்ந்தபின் 1985இல் அது 120 நிமிடமானது, அப்புறம் 180. 2014இல் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம்வரை அனுமதி கிடைத்தது.

ஒன்று நின்றால் விமானம் விழுந்துவிடாது. மெல்ல உயரம் குறைந்து, மற்ற எஞ்சினின் பலத்தில், முன்கூட்டியே குறித்துவைத்த நிலையத்துக்குப் போகும். அதற்கான எரிபொருள் புறப்படும்போதே ஏற்றப்பட்டிருக்கும்.

சரி, இரண்டும் நின்றால்? என் தொழிலின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

1983 மே 5. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் புறப்பட்ட லொக்ஹீட் எல்-1011 விமானம். மூன்று எஞ்சின்கள், 172 பேர். ஒயிலில் உலோகத் துகள் சேர்கிறதா என்று காட்ட ஒவ்வோர் எஞ்சினிலும் சின்னக் காந்த முளை ஒன்று இருக்கும். அன்று மூன்றையும் மாற்றியிருந்தார்கள். முளையோடு போடவேண்டிய ஓ-றிங், அதாவது ஒயில் ஒழுகாமல் அடைக்கும் றப்பர் வளையம், மூன்றிலும் இல்லை. ஒயில் ஒழுகிப்போனது. ஒன்றை விமானி நிறுத்தினார், மற்ற இரண்டும் தாமாகவே நின்றன. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கையில், முதலில் நிறுத்தியதை மறுபடி இயக்கி மயாமிக்கே திரும்பினார்கள். எல்லோரும் தப்பினார்கள்.

மூன்று எஞ்சின் இருந்தும் பிழை ஒன்றுதான். எண்ணிக்கையால் என்ன பயன்?

அதனால்தான் நீண்ட கடல்வழி விமானங்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரே ஆள், ஒரே தடவையில், இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது. தவிர்க்கமுடியாவிட்டால் இன்னொருவர் பார்த்துச் சரியென்று கையெழுத்திடவேண்டும். ஓ-றிங்கை ஒயிலில் நனைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவேன். மயிரளவு வெட்டு இருந்தாலும் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். நித்திரை கண்ணைச் சுழற்றும் சாமத்திலும் அந்தச் சுற்றை நான் விட்டதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: “அப்போ நீங்கள் இரண்டையும் தொட்டதே இல்லையா?”

“ஒரே இரவில் ஒருநாளும் இல்லை, அக்கா.”