‘ராமகிருஷ்ணன், வி.’ என்பவர் யார்? துணைநூற்பட்டியலும் தமிழ்ப் பெயர்களும்

(திரையில்: 1930, 1983, 2009)

வணக்கம். திரையில் இருப்பவை மூன்று நோபல் பரிசு ஆண்டுகள். 1930இல் சி.வி. ராமன், 1983இல் சுப்பிரமணியன் சந்திரசேகர், 2009இல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மூவரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். மூவருடைய கட்டுரைகளையும் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள். அப்படிக் காட்டும்போது அவர்கள் பெயருக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம்.

(திரையில்: சந்திரசேகர், எஸ்.)

இது சரியாக அமைந்துவிட்டது. சந்திரசேகர் என்பது அவருக்கு வைத்த பெயர். ‘எஸ்’ தந்தை சுப்பிரமணியனைக் குறிக்கிறது.

(திரையில்: ராமன், சி. வி.)

இவருக்கு வீட்டில் வைத்த பெயர் வெங்கடராமன். அது இரண்டாகப் பிரிந்து, ‘வெங்கட’ தலைப்பெழுத்தாகிவிட்டது. மிஞ்சிய ‘ராமன்’ குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘சி’ தந்தை சந்திரசேகர ஐயர். முதலில் பார்த்த சந்திரசேகர் இவருடைய அண்ணன் மகன். தாத்தாவின் பெயரைப் பெற்றவர். ஆகவே சித்தப்பாவின் தலைப்பெழுத்தில் ஒளிந்திருக்கும் பெயரும், அண்ணன் மகன் உலகப் புகழ் பெற்ற பெயரும் ஒன்றுதான்.

(திரையில்: ராமகிருஷ்ணன், வி.)

மூன்றாமவர் சிதம்பரத்தில் பிறந்தவர். சொந்தப் பெயர் வெங்கட்ராமன். ராமகிருஷ்ணன் அவருடைய தந்தை. அந்தத் தந்தையும் ஓர் அறிவியலாளர்; பரோடா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். தந்தையின் கட்டுரைக்குக் கீழே ‘ராமகிருஷ்ணன், சி. வி.’ என்றும், மகனின் கட்டுரைக்குக் கீழே ‘ராமகிருஷ்ணன், வி.’ என்றும் எழுத வேண்டும். ஓர் எழுத்தைத் தவறவிட்டால், தந்தையின் ஆய்வு மகன் கணக்கில் சேர்ந்துவிடும்.

துணைநூற்பட்டியல் என்றால் காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்ற கவலைதான் நம் மாணவர்களுக்கு முதலில் வருகிறது. அவற்றை எந்தக் கையேட்டைத் திறந்தாலும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். பெயர், பதிப்பு, ஆண்டு ஆகிய மூன்றிலும்தான் தமிழில் ஆய்வு எழுதுகிறவர் கால் இடறுகிறார். அதனால் இந்த வீடியோவில் பெரும்பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

(திரையில்: தோட்டத்து நத்தை ஒன்றின் படம்)

முதலில் சிறிது வரலாறு. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை 1881இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க்கின் கட்டுரை ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ஓடில்லாத நத்தையின் முட்டை எப்படிப் பிளந்து வளர்கிறது என்பது அந்தக் கட்டுரையின் பொருள். 1929இல் அமெரிக்க உளவியல் கழகம் ஏழு பக்கத்தில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அந்த ஏழு பக்கம் வளர்ந்துதான் இன்றைய ஏபிஏ கையேடு. 2019இல் அதன் ஏழாம் பதிப்பு வந்தது. சிகாகோ கையேடு அதைவிடப் பழையது, 1906. இலக்கியத் துறையினர் அமெரிக்காவின் நவீன மொழிக் கழகம் வகுத்த எம்எல்ஏ முறையையும், மருத்துவத் துறையினர் எண் போடும் வான்கூவர் முறையையும் பின்பற்றுகிறார்கள். எதைப் பின்பற்ற வேண்டும் என்பதை உங்கள் பல்கலைக்கழகமோ இதழோ சொல்லிவிடும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

இந்த முறைகள் எல்லாமே குடும்பப் பெயர் உள்ள சமூகங்களில் பிறந்தவை. பெயரின் கடைசிச் சொல்லைத் தூக்கி முன்னால் வை என்பது அவற்றின் அடிப்படை விதி. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது, சிலருக்கு ஊர்ப்பெயரின் எழுத்தும் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் என்பதில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். தலைப்பெழுத்து முன்னால் நிற்கும்வரை சிக்கல் இல்லை. ‘சாமிநாதையர், உ. வே.’ என்று மாற்றினால் சொந்தப் பெயரே முதலில் வரும், அகரவரிசையில் ‘சா’வில் நிற்கும். ‘உ’வில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மு. கவிதா என்றொரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் அவர் பெயர் ‘கவிதா முருகேசன்’ ஆகிறது. அதே பெயரில் ஆங்கில இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறார். வெளிவந்த பிறகு உலகம் அவரை ‘முருகேசன், கே.’ என்று மேற்கோள் காட்டுகிறது. தமிழ் இதழில் எழுதியதோ ‘கவிதா, மு.’ என்று நிற்கிறது. எழுதியவர் ஒருவர், பட்டியலில் இருவர். அவர் உழைத்து எழுதிய பத்துக் கட்டுரையில் ஐந்து வேறு யாரோ எழுதியதாகத் தெரிகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். நம் பெண்கள் பலர் திருமணத்துக்குப் பின் மூன்றாவது வடிவத்துக்கும் மாறுகிறார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது: முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே எந்த வடிவம் என்று முடிவெடுத்து, அதை மாற்றாதீர்கள். கூடவே, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, பதினாறு இலக்கம். பெயர் எப்படித் திரிந்தாலும் எண் உங்களை விடாது.

பிறர் பெயரை எழுதும்போது ஒரே விதிதான். நூலின் உள்முகப்புப் பக்கத்தில் அவர் எப்படி அச்சிட்டிருக்கிறாரோ அப்படி எழுதுங்கள். தலைப்பெழுத்தை நீங்களாக விரிக்காதீர்கள், மொழிமாற்றவும் வேண்டாம்.

(திரையில் இரண்டு பெயர்கள்: கா. சிவத்தம்பி, க. கைலாசபதி)

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்த இரு பேராசிரியர்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்கள். ஆங்கிலத்தில் இருவருக்கும் தலைப்பெழுத்து ‘கே’. அதைப் பார்த்துத் தமிழில் திருப்பி எழுதுகிறவர் இருவருக்கும் ‘கே.’ என்று போட்டுவிடுகிறார். ஒருவர் கா, மற்றவர் க. உங்கள் பட்டியலில் தமிழ் நூல்கள் தமிழ்ப் பெயரிலும் ஆங்கில நூல்கள் ஆங்கிலப் பெயரிலும் தனித்தனிப் பகுதியாக நின்றால் இந்தக் குழப்பம் எழாது.

இனி ஒரு பதிவைப் பிரித்துப் பார்ப்போம்.

(திரையில்: சந்திரசேகர், எஸ். (1931). கட்டுரைத் தலைப்பு. அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல், 74, 81–82.)

வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று சந்திரசேகர் காட்டிய கட்டுரை. கடைசியில் இருக்கும் எண்களைப் பாருங்கள். 74 இதழின் தொகுதி எண். 81–82 பக்கங்கள். இரண்டே பக்கம்! நோபல் பரிசு வரை சென்ற ஒரு சிந்தனையின் தொடக்கம் அவ்வளவு சிறியது என்பதை இந்தப் பதிவே காட்டிவிடுகிறது. யார், எப்போது, என்ன, எங்கே என்ற நான்கு கேள்விக்கும் இந்த ஒற்றை வரியில் விடை இருக்கிறது. எந்த முறையானாலும் இந்த நான்கும்தான், வரிசை மட்டும் மாறும். இணையத்தில் உள்ள கட்டுரை என்றால், அந்தக் கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐ எண்ணையும் சேருங்கள். இணைய முகவரி மாறலாம், டிஓஐ மாறாமல் கட்டுரைக்குக் கொண்டு சேர்க்கும்.

அடுத்து, பதிப்பு. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆய்வேட்டில் புறநானூற்று உரை ஒன்றுக்கு ‘ப. 312’ என்று சான்று இருந்தது. நூலகத்தில் அந்த நூலை எடுத்து 312ஆம் பக்கத்தைத் திறந்தேன். வேறு பாட்டு, வேறு உரை. பக்கத்தில் இருந்த இன்னொரு அச்சையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. ஆய்வாளர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது மூன்றாவது ஒரு மறுபதிப்பு. அதை அவர் பட்டியலில் எழுதவில்லை. அன்று ஒரு பிற்பகல் முழுவதும் அந்த ஒரு வரிக்காகப் போனது.

சங்க இலக்கியத்துக்குப் பக்க எண் நம்பத்தக்க முகவரி இல்லை. பாட்டு எண்ணும் அடி எண்ணும்தான் முகவரி. புறம். 192: 1 என்று எழுதினால் எந்தப் பதிப்பிலும், எந்த ஊர் நூலகத்திலும் கண்டுபிடிக்கலாம். குறளுக்குக் குறள் எண், தொல்காப்பியத்துக்கு அதிகாரமும் நூற்பா எண்ணும். ஆனால் பாட்டை விட்டு உரையையோ முன்னுரையையோ எடுத்தாளும்போது பக்க எண் தேவை, அப்போது பதிப்பும் கட்டாயம். அச்சு நூலாகப் புறநானூறு முதலில் வந்தது 1894இல், உ.வே.சா. பதிப்பாக. உங்கள் கையில் இருப்பது அண்மைக்கால மறுபதிப்பு என்றால் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள். 1894 என்று மட்டும் போட்டால், நீங்கள் தொடாத ஒரு நூலைத் தொட்டதாகச் சொன்னதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. மூலம் எழுதியவர், உரை எழுதியவர், பதிப்பித்தவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். குறளின் பொருளைப் பரிமேலழகர் உரையிலிருந்து எடுத்துவிட்டு ‘திருவள்ளுவர் சொல்கிறார்’ என்று எழுதுவது ஆய்வேடுகளில் சாதாரணமாகிவிட்டது. சொன்னவர் பரிமேலழகர். உரையாசிரியர்கள் நமக்காகச் செய்த உழைப்பு அது; அவர்கள் பெயரை எழுதிவிடுங்கள். பதிப்பாசிரியருக்கு ‘பதி.’, தொகுத்தவருக்கு ‘தொகு.’, மொழிபெயர்த்தவருக்கு ‘மொ.பெ.’ என்ற சுருக்கங்கள் வழக்கத்தில் இருக்கின்றன.

வெளியிட்ட ஊரை ஏபிஏ ஏழாம் பதிப்பு நீக்கிவிட்டது. 2024இல் வந்த சிகாகோ பதினெட்டாம் பதிப்பும் அந்த வழிக்கு வந்திருக்கிறது. இன்றைய நூல்களுக்கு அது சரி. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூலுக்கு ஊரை விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. ஆறுமுக நாவலருக்கு யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சுக்கூடம் இருந்தது. எந்த ஊர் அச்சு என்று தெரிந்தால்தான் எந்த நூல் என்று தெரியும்.

(திரையில்: விஜய வருடம் = 1893? 1953? 2013?)

ஆண்டுக்கு வருவோம். பழைய நூல்களின் முகப்பில் ‘விஜய வருடம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர் திரும்பி வரும். சித்திரையில் தொடங்குவதால், 1893 ஏப்ரல் முதல் 1894 ஏப்ரல் வரை ஒரு விஜய. அதே போல 1953இலும் 2013இலும். தாள், எழுத்துரு, முன்னுரையில் வரும் பெயர்கள் ஆகியவற்றை வைத்து எது என்று தீர்மானித்து, நீங்கள் கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். திருவள்ளுவர் ஆண்டு எளிது: 31ஐக் கழித்தால் போதும். 2031 என்று பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள்; அது 2000.

முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதைக் காட்ட அடிக்குறிப்பில் எழுதும் ‘மேலது’ பற்றி ஒரு சொல். அடிக்குறிப்பில் 14ஆம் எண்ணில் ஒரு நூல், 15இல் ‘மேலது, ப. 40’ என்று எழுதியிருப்பீர்கள். நெறியாளர் சொன்னார் என்று நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்து, அதற்கொரு குறிப்பும் போடுகிறீர்கள். இப்போது ‘மேலது’ புதிதாக வந்த நூலைக் காட்டுகிறது. யாரும் கவனிப்பதில்லை. சிகாகோ கையேடே பதினேழாம் பதிப்பிலிருந்து, இதற்குப் பதிலாக ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் எழுதச் சொல்கிறது. தமிழிலும் அதையே செய்யலாம்.

பட்டியலை அகரவரிசையில் அடுக்கும் வேலையைக் கணினியிடம் விட்டால், முடிந்தபின் ஒருமுறை கண்ணால் பாருங்கள். சில மென்பொருள்கள், கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண் வரிசையிலேயே அடுக்குகின்றன. அகராதியில் மெய் முன்னே வரும். ‘கண்ணன்’ வந்த பிறகுதான் ‘கணேசன்’. யூனிகோடு வரிசையில் இது தலைகீழ். வகரத்துக்குப் பின் ழகரம் என்று பள்ளியில் படித்தோம். யூனிகோடு வரிசையிலோ ழகரம் முந்திக்கொள்கிறது. அதனால் ‘கவிதா’வுக்கு முன்னால் ‘கழனியப்பன்’ வந்து நிற்பார்.

ஜொட்டேரோ போன்ற இலவச மென்பொருள் நூல் விவரங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள நல்ல துணை. ஆனால் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று அதில் இரண்டு கட்டம் இருக்கும். சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், தலைப்பெழுத்தை மற்றதிலும் நீங்களே நிரப்புங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் ‘இந்தத் தலைப்புக்குப் பத்து நூல் சொல்’ என்று கேட்டு அப்படியே ஒட்டவே ஒட்டாதீர்கள். இல்லாத நூலை, இருப்பது போன்ற பக்க எண்ணோடு அவை எழுதித் தரும். 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அப்படிக் கிடைத்த பொய்த் தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு உங்கள் ஆய்வேட்டின் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. அந்தக் கணக்கில், முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் சேராது. ஆகவே சதவீதத்துக்குப் பயந்து மேற்கோளின் சொற்களை மாற்றி எழுத வேண்டாம். மேற்கோள் குறி போட்டு, பெயரும் பக்கமும் கொடுங்கள்.

ஆய்வேட்டை நெறியாளரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். பட்டியலில் ஐந்து பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, உங்கள் துறையைச் சேராத நண்பர் ஒருவர் கையில் அந்தத் தாளை மட்டும் கொடுத்து நூலகத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள், தொலைபேசியில் விளக்கமும் சொல்லாதீர்கள். அவர் எத்தனை நூலோடு, எத்தனை சரியான பக்கத்தோடு திரும்பி வருகிறார் என்று பார்த்துவிட்டு, மீதியைத் திருத்த உட்காருங்கள்.