சூடான கோழிக்கு அட்டை செல்லாது

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்கள் உணவு வாங்க அரசு பணம் போட்டுத் தருகிற ஸ்னாப் அட்டையை வைத்திருப்பவர் கடையில் பொரிக்காத பச்சைக் கோழி வாங்கலாம், சமைத்து ஆற வைத்து குளிர்பெட்டியில் அடுக்கியதையும் வாங்கலாம், ஆனால் அதே கோழி சூடாக இருந்தால் பொதுவாக அந்த அட்டை செல்லாது. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு கடைக்கு வருகிற ஒரு தாய்க்கு இந்த விதி என்ன நன்மை செய்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்றார்கள், 2008ல் ஸ்னாப் என்று பெயர் மாற்றினார்கள். சுமார் 4 கோடிப் பேர் இதை நம்பியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 6 டாலர் அளவில்தான் கிடைக்கிறது. மதுவும் சிகரெட்டும் எப்போதுமே வாங்க முடியாது. இப்போது சோடாவையும் மிட்டாயையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 2010ல் நியூயார்க் நகரம் சோடாவுக்குத் தடை கேட்டபோது, நடைமுறைப்படுத்துவது சிக்கல் என்று மத்திய வேளாண் துறை மறுத்துவிட்டது. அதே துறை 2025 மே மாதம் நெப்ராஸ்காவுக்கு முதலில் அனுமதி கொடுத்தது, அப்புறம் வரிசையாகப் பல மாநிலங்கள்.

சோடா கெடுதல்தான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சர்க்கரை நோயில் ஏழைகள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள் என்பதும் உண்மை, அதனால் தடை கேட்பவர்களை நான் ஏழைகளின் எதிரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியல் போட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். அயோவாவில் விற்பனை வரிச் சட்டத்தை வைத்துத் தடையைத் தீர்மானிக்கிறார்கள், அந்தச் சட்டத்தில் மாவு கலந்த இனிப்பு மிட்டாய்க் கணக்கில் வராது, ஆக உள்ளே பிஸ்கட் வைத்த சாக்லேட்டுக்கு அனுமதி, வெறும் சாக்லேட்டுக்கு இல்லை! இதைக் கவுன்ட்டரில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று பார்க்க, அந்தத் தாய்க்கு விளக்க வேண்டியது மணிக் கூலிக்கு பில் போடுகிற ஒரு பெண். அவமானம் இரண்டு பேருக்கும்தான்.

அதோடு, பெரும்பாலான குடும்பங்கள் சொந்தக் காசும் போட்டுத்தான் சாப்பாடு வாங்குகின்றன. அட்டையில் சோடா கிடைக்காவிட்டால் அரிசியை அட்டையில் எடுத்துவிட்டு சோடாவுக்குக் கையிலிருந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, செய்தும் பார்த்துவிட்டார்கள். மாசசூசெட்ஸின் ஹாம்டன் பகுதியில் 2011, 2012ல் பழம், காய்கறிக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அட்டையிலேயே திரும்பக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காயும் சாப்பிட்டன. டெட்ராய்ட்டில் 2009லேயே விவசாயிகள் சந்தையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அட்டையில் 10 டாலர் செலவழித்தால் காய், பழம் வாங்க இன்னொரு 10 டாலர் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதில் கீரை வாங்குவதா தக்காளி வாங்குவதா என்பதை அந்தத் தாயே முடிவு செய்துகொள்கிறாள்.